ஸ்மித்: ஒரு பெயர் நடந்த தூரம்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள டர்ஹாமில், கி.பி. 975 வாக்கில் எழுதிய ஓர் ஆவணத்தில், எக்கியார்ட் என்பவரின் பெயரை அடுத்து ‘ஸ்மித்’ என்று வருகிறது. கொல்லர் என்று பொருள். அன்று அது தொழிலைத்தான் குறித்தது. எக்கியார்டின் மகன் உலையை விட்டு ஏர் பிடிக்கப் போயிருந்தால் அந்தச் சொல் அவனோடு கூடப் போயிருக்காது. இரும்படித்தவரின் அடையாளம், இரும்பையே தொடாத பேரனுக்கும் பெயராக ஒட்டிக்கொள்ள இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துப் போக வேண்டிய பிரபுக்கள்தான் முதலில் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பழக்கம் மெல்லக் கீழே இறங்கியது. ஊரில் பாதிப்பேர் ஜான், வில்லியம், ராபர்ட் என்று இருக்கையில், எந்த ஜான் வரி கட்டினான், எந்த ஜான் கட்டவில்லை என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி போட்டபோது ஏடுகள் நிறையப் பெயர்கள் ஏறின. ஆற்றங்கரையில் குடியிருந்தவர், ராபர்ட்டின் மகன், செம்பட்டைத் தலையர் என்று ஆளுக்கோர் அடையாளம். பட்டறைக்காரருக்கு ஸ்மித்.

கொழு அடிக்கவும் குதிரைக்கு லாடம் கட்டவும் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடவும் ஊருக்கு ஒரு கொல்லராவது வேண்டும். அதனால் இந்தப் பெயர் ஓரிடத்தில் தோன்றி நாடெங்கும் பரவியதல்ல. எத்தனையோ ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், தனித்தனியே பிறந்தது. ஒரு ஸ்மித்துக்கும் அடுத்த ஸ்மித்துக்கும் சொந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பெர்சி, ஹோவர்ட் என்று பிரபுக் குடும்பங்களின் பெயரைச் சொன்னால் கோட்டையும் நிலமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஸ்மித் என்று சொன்னால் எதுவும் வராது. இந்தப் பெயரின் பின்னால் என்னைப் போக வைத்தது அந்த வெறுமைதான். ஊரையும் குலத்தையும் காட்டிக்கொடுக்காத பெயரோடு பிறந்தவர்கள், தாங்கள் யார் என்பதைத் தங்கள் வேலையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையை உலகம் பல நேரம் மிகத் தாமதமாகவே பார்த்தது.

பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களில் புகழ்பெற்ற முதல் ஆள் கேப்டன் ஜான் ஸ்மித். லிங்கன்ஷயரின் வில்லோபியில் ஒரு விவசாயியின் மகன். 1580-இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஐரோப்பாவில் கூலிப்படையில் துருக்கியரோடு போரிட்டு, பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டு, தப்பி வந்தவர். 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்குப் போய், அடுத்த ஆண்டு அதன் தலைவரானார். 1614-இல் வடக்கே உள்ள கடற்கரையை அளந்து, அதற்கு ‘நியூ இங்கிலாந்து’ என்று பெயரிட்டார். அவர் வரைபடம் 1616-இல் அச்சானபோது, பூர்வகுடிகள் வழங்கிய ஊர்ப்பெயர்களில் பலவற்றை இளவரசர் சார்லஸ் ஆங்கிலப் பெயர்களாக மாற்றினார். இந்தக் கதையில் பெயர் வைப்பதும் பெயர் அழிப்பதும் சேர்ந்தே வருகின்றன. அந்த நியூ இங்கிலாந்து மண்ணிலேயே, ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஒரு ஆப்பிரிக்கர் ஸ்மித் ஆனார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஆடம் ஸ்மித்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஸ்காட்லாந்தின் கிர்கால்டியில், தந்தை இறந்த பிறகு 1723-இல் பிறந்தவர். 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ நூலை வெளியிட்டவர். அந்த நூலில் எல்லோரும் குண்டூசித் தொழிற்சாலையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்: பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரே நாளில் 48,000 ஊசி செய்வது. சில பக்கங்கள் தள்ளி அவர் ஆணி அடிப்பவர்களைப் பற்றி எழுதியது எனக்கு அதைவிடப் பிடிக்கும். சம்மட்டி பழகிய சாதாரணக் கொல்லர் ஆணி செய்ய உட்கார்ந்தால் நாளைக்கு இருநூறு முந்நூறு தேறும், அவையும் மோசமாக இருக்கும். இடையிடையே ஆணி அடித்துப் பழகியவர் எண்ணூறிலிருந்து ஆயிரம் வரை செய்வார். ஆணியைத் தவிர வேறெதுவும் தெரியாத, இருபது வயது ஆகாத பையன்கள் 2,300-க்கு மேல் அடித்ததைத் தானே பார்த்திருப்பதாகச் சொல்கிறார். குடும்பப்பெயர் கொடுத்த பட்டறை கரைந்துபோகும் காலத்தை, அந்தப் பெயர் கொண்டவரே எண்ணிக்கையோடு பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பையன்களின் வேகத்தைப் புகழ்ந்த அவர், ஒரே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்பவரின் அறிவு மழுங்கிப்போகும் என்றும் அதே நூலின் பிற்பகுதியில் கவலைப்பட்டிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டையும் சேர்த்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இனி அந்த ஆப்பிரிக்கர். 1729 வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆட்சியாளரின் மகனாகப் பிறந்தவர். தாய் தந்தை வைத்த பெயர் புரோட்டீர். சிறுவனாக இருக்கும்போதே படையெடுத்து வந்தவர்கள் தந்தையைக் கண்ணெதிரே சித்திரவதை செய்து கொன்றார்கள். பையனை இன்றைய கானாவின் அனமாபு துறைமுகத்துக்கு நடத்திக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலின் பண்டகப் பொறுப்பாளர் ராபர்ட்சன் மம்ஃபோர்ட் அவரை நான்கு கேலன் ரம்முக்கும் ஒரு துண்டு காலிகோ துணிக்கும் வாங்கினார். சொந்தப் பணத்தைப் போட்டுச் செய்த வியாபாரம் என்பதால் பையனுக்கு ‘வெஞ்சர்’, அதாவது முதலீடு, என்று பெயர் வைத்தார். ஒரு குழந்தைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

ரோட் தீவு, லாங் ஐலண்டுக்கு அருகில் ஒரு தீவு, கனெக்டிகட் என்று கைமாறிக் கைமாறி, கடைசியாக ஸ்டோனிங்டனில் ஆலிவர் ஸ்மித் என்பவரிடம் வந்து சேர்ந்தார் வெஞ்சர். ஓய்வு நேரத்தில் வெளியே கூலி வேலை செய்து தன்னையே விலைக்கு வாங்கிக்கொள்ள அவர் அனுமதி கேட்டார். விறகு வெட்டினார், மீன் பிடித்தார், சிறு துண்டு நிலத்தில் பயிர் வைத்தார். தவணை தவணையாகக் கட்டி, 1765-இல் 71 பவுண்டு 2 ஷில்லிங்குக்குத் தன் விடுதலையை வாங்கினார். விடுதலை பெற்றவருக்குக் குடும்பப்பெயர் வேண்டும். கடைசி உடைமையாளரின் ஸ்மித்தையே எடுத்துக்கொண்டார். பிறகு மகன்கள் சாலமன், கஃப், மனைவி மெக், மகள் ஹன்னா என்று ஒவ்வொருவரையும் விலை கொடுத்து மீட்டார். வேறு சில அடிமைகளையும் வாங்கி விடுவித்தார்.

அந்தப் பெயரை அவர் ஏன் வைத்துக்கொண்டார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ‘விற்கப்பட்டவன்’ என்ற முத்திரை அதில் இருக்கிறது. ஆனால் நிலம் வாங்கவும் பத்திரத்தில் கையெழுத்திடவும் ஊரில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். கனெக்டிகட்டின் ஹேடம் நெக்கில் நூறு ஏக்கருக்கு மேல் நிலமும், வீடுகளும், படகுகளும் அந்தப் பெயரில்தான் சேர்ந்தன. 1798-இல் அவர் சொல்லச் சொல்ல எழுதிய வாழ்க்கை வரலாறு நியூ லண்டனில் அச்சானது. 1805-இல் இறந்தார். கிழக்கு ஹேடம் தேவாலயக் கல்லறையில் அவர் கல் நிற்கிறது. ஆப்பிரிக்கர், அரசர் மகன், கடத்தி விற்கப்பட்டவர், உழைத்துச் சம்பாதித்துத் தன்னை மீட்டுக்கொண்டவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் அவர் நிறத்தவருக்கு அப்படியொரு கல் அபூர்வம்.

அவர் தன்னை மீட்டுக்கொண்ட சில ஆண்டுகளுக்குள் அதே பெயர் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. முதலாம் மைசூர்ப் போரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை 1767 செப்டம்பரில் செங்கத்திலும், பிறகு திருவண்ணாமலையிலும், ஹைதர் அலியையும் நிஜாமையும் எதிர்த்துப் போரிட்டது. களத்தில் ஸ்மித் வென்றார். ஆனாலும் 1769 மார்ச் இறுதியில் ஹைதர், ஸ்மித்தின் படையைப் பின்னால் விட்டுவிட்டுக் குதிரைப்படையோடு சென்னையின் வாசலுக்கே வந்து நின்று, கும்பினியை உடன்படிக்கைக்குப் பணிய வைத்தார்.

அதே மார்ச் மாதம் 23-ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சர்ச்சில் என்ற கிராமத்தில் ஜான் ஸ்மித் என்ற கொல்லருக்கு ஒரு மகன் பிறந்தான். இந்த ஒரு குடும்பத்திலாவது பெயரும் தொழிலும் இன்னும் ஒன்றாகவே இருந்தன. வில்லியம் என்று பெயர் வைத்தார்கள். பையனுக்கு எட்டு வயதாகும்போது தந்தை இறந்தார். பெரும்பாலும் மாமா வீட்டில், வயல் வேலைகளுக்கு நடுவே வளர்ந்தான். அந்த ஊரில் பால்காரப் பெண்கள் வெண்ணெய் நிறுக்க எடைக்கல்லாக உருண்டையான ஒரு கல்லை வைத்திருப்பார்கள். கல்லாகிப்போன கடல்முள்ளெலி அது. அந்த வட்டாரத்து மண்ணைக் கிளறினாலே கிடைக்கும். கடலே இல்லாத ஊரில் கடல்பிராணி எடைக்கல்லாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பையன் அவன்.

பதினெட்டு வயதில் நில அளவையர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் வில்லியம். 1791-இல் வேலை அவரைச் சாமர்செட்டின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனது. பாறைகள் எந்த வரிசையில் அடுக்கியிருக்கின்றன என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்கு மனப்பாடம். அவர்கள் சொன்னதை அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்; படித்த கனவான்கள் பலர் செய்யாத காரியம் அது. பிறகு சாமர்செட் நிலக்கரிக் கால்வாய் வெட்டும் வேலை. வெட்டிய இடத்திலெல்லாம் அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளைச் சரித்து அடுக்கியது போல என்று அவரே சொன்னார்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் எது மேலே, எது கீழே என்பதை எப்படிச் சொல்வது? விடை அடுக்குக்குள் புதைந்த சிப்பிகளில் இருந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய உயிரெச்சங்கள் உண்டு. அவை வரும் வரிசை எங்கே தோண்டினாலும் மாறுவதில்லை. 1796 ஜனவரி 5-ஆம் தேதி, டங்கர்டனில் ஸ்வான் என்ற சத்திரத்தில் தங்கியிருந்தபோது இதை அவர் ஒரு தாளில் குறித்து வைத்தார். பூமியின் காலத்தைப் படிக்கும் முறைக்கு அந்தத் தாள் ஒரு தொடக்கம்.

அடுத்த இருபது ஆண்டுகள் அவர் நடந்தார், வண்டியேறினார், குதிரையேறினார். சதுப்பு வடிகால், சுரங்கம், கால்வாய் என்று கூலிக்குக் கிடைத்த வேலையையெல்லாம் செய்துகொண்டே, வழியில் பார்த்த பாறையையெல்லாம் குறித்துக்கொண்டார். 1815 ஆகஸ்ட் முதல் தேதி, ஜான் கேரி என்ற பதிப்பாளர் வழியாக அவருடைய வரைபடம் வந்தது. பதினைந்து தாள்கள், சேர்த்து மாட்டினால் எட்டடிக்கு மேல் உயரம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றின் அடிநிலம் முழுக்க நிறம்நிறமாகக் கையால் தீட்டியது. ஒரு நாடு முழுவதற்கும் இவ்வளவு விரிவான நிலவியல் வரைபடத்தைத் தனியொருவர் அதற்குமுன் செய்ததில்லை. ஏறக்குறைய 400 படிகள் வெளிவந்தன.

லண்டனில் 1807-இல் தொடங்கிய நிலவியல் சங்கத்தின் பெரிய மனிதர்கள் அவர் வீட்டுக்கு வந்து சேகரிப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள், சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் பெல்லாஸ் கிரீனோ, வில்லியமின் உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டு, மலிவு விலையில் போட்டி வரைபடம் ஒன்றை வெளியிட்டார். கடன் ஏறியது. உயிருக்கு உயிராகச் சேர்த்த உயிரெச்சங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 700 பவுண்டுக்கு விற்றும் போதவில்லை. 1819 ஜூனில் கடனாளிகளுக்கான சிறைக்குப் போனார். ஆகஸ்ட் இறுதியில் வெளியே வந்தபோது வீடு ஜப்தியாகியிருந்தது. மனநலம் குன்றிய மனைவியையும், தாய் தந்தை இல்லாத சகோதரி மகன் ஜான் ஃபிலிப்ஸையும் கூட்டிக்கொண்டு லண்டனை விட்டே போனார். கொல்லர் மகனுக்கும் கனவான்களுக்கும் நடுவில் இருந்த சுவரைத் தவிர இந்த அநீதிக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

யார்க்‌ஷயரில் ஒரு பண்ணையின் மேலாளராகவும் ஊர் ஊராகப் போய் உரையாற்றுபவராகவும் காலம் தள்ளினார். 1831-இல் அதே சங்கம், ஆடம் செட்ஜ்விக் தலைமையில், தன் முதல் வுல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஆங்கில நிலவியலின் தந்தை என்று செட்ஜ்விக் அவரை அழைத்தார். மறு ஆண்டு அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தது. மருமகன் ஃபிலிப்ஸ் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் பேராசிரியரானார். கிரீனோ வரைபடத்தின் 1865 பதிப்பில்தான், அது வில்லியம் ஸ்மித்தின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது என்று அச்சேறியது. அப்போது அவர் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டில் எத்தனையோ வில்லியம் ஸ்மித்துகள் இருந்ததால் சக ஆய்வாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஸ்ட்ராட்டா ஸ்மித்’, பாறையடுக்கு ஸ்மித்.

அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1840-இல், லண்டன் செல்சியில் பிறந்தார் ஜார்ஜ் ஸ்மித். பதினான்கு வயதில் பணநோட்டுகளுக்கு அச்சுத்தகடு செதுக்கும் தொழில் கற்கப் போனார். மதிய இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுவார். பண்டைய அசீரிய நகரமான நினெவேயில் அசூர்பனிபால் மன்னனின் நூலகத்திலிருந்து லேயார்டும் ரஸ்ஸாமும் தோண்டி அனுப்பிய களிமண் பலகைகள் அங்கே ஆயிரக்கணக்கில் உடைந்து கிடந்தன. நுண்ணிய கோடுகளைச் செதுக்கிப் பழகிய கண்ணுக்கு அந்தப் பலகைகளின் ஆப்பெழுத்து வசப்பட்டது. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்பதை, பல்கலைக்கழகம் போய் வந்தவர்களைவிட அவரால் நன்றாகச் சொல்ல முடிந்தது. ஆப்பெழுத்து அறிஞர் ரவுலின்சனும் மியூசியத்தின் சாமுவேல் பிர்ச்சும் அவரைக் கவனித்து மியூசியத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

1872-இல் ஒரு துண்டில், மலையொன்றில் தங்கிய கப்பலையும், பறக்கவிட்ட புறா இறங்க இடமின்றித் திரும்பி வந்ததையும் அவர் வாசித்தார். பைபிளின் பிரளயக் கதைக்கு முற்பட்ட பிரளயக் கதை அது. பண்டைய மெசபொதேமியாவின் கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை. டிசம்பர் 3-ஆம் தேதி அவர் அதை அறிஞர் சபையில் படித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டன் வந்து உட்கார்ந்து கேட்டார். விடுபட்ட வரிகளைத் தேடி வர ‘டெய்லி டெலிகிராஃப்’ ஆயிரம் கினி தந்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் எட்வின் ஆர்னால்ட். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘ஆசிய ஜோதி’க்கு மூலமான நூலைப் பின்னர் எழுதியவர் அவர்தான்.

1873 மே மாதம் ஜார்ஜ் நினெவேயில் தோண்டத் தொடங்கினார். ஒரே வாரத்தில் பிரளயக் கதையின் பதினேழு வரி கொண்ட துண்டு கிடைத்தது. அது இன்னொரு பழைய காவியத்தைச் சேர்ந்தது என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள். அதனால் அதன் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாவது பயணத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைப் பிடித்தது. 1876 ஆகஸ்ட் 19-ஆம் தேதி அலெப்போவில் இறந்தார். வயது முப்பத்தாறு. மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அரசாங்கம் ஆண்டுக்கு 150 பவுண்டு ஒதுக்கியது.

இதற்கிடையில் அமெரிக்காவில் இந்தப் பெயர் பல திசைகளிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மிட்டுகள் பலர் ஸ்மித் ஆனார்கள். கொல்லன் மகன் என்று பொருள்படும் அயர்லாந்தின் மெக்கோவன்களும் அப்படியே. வெஞ்சரைப் போல உடைமையாளரின் பெயரோடு வெளியே வந்தவர்கள், அல்லது தாங்களாகவே இதைத் தேர்ந்தெடுத்தவர்கள், அடிமைமுறை ஒழிந்த 1865-க்குப் பிறகு ஏராளம். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர்கள் முதன்முறையாக முழுமையாக ஏறின.

அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பாடினார்கள். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ‘கிரேஸி புளூஸ்’ பாடலைப் பதிவுசெய்தார். கறுப்பினப் பெண்ணொருவர் பதிவுசெய்த முதல் புளூஸ் பாடல் என்று அதைச் சொல்வார்கள். கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் அதன்பிறகுதான் நம்பின. மேமியைத் தொடர்ந்து கிளாரா ஸ்மித், டிரிக்ஸி ஸ்மித், பெஸ்ஸி ஸ்மித். நால்வருக்கும் ரத்த உறவு கிடையாது. பெஸ்ஸியும் கிளாராவும் சேர்ந்து பாடிய தட்டுகள்கூட உண்டு. 1894-இல் டென்னசியின் சாட்டனூகாவில் பிறந்த பெஸ்ஸி, சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, சகோதரரோடு தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். 1923-இல் வந்த அவருடைய முதல் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் குரல் அது. 1937-இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டும், கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1970-இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவனிதா கிரீனும் செலவை ஏற்றார்கள்.

2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஸ்மித்துகள் 24 லட்சத்து 42 ஆயிரத்துக்கு மேல், குடும்பப்பெயர்களில் முதலிடம். நூறில் 23 பேர் கறுப்பினத்தவர். தங்கள் முன்னோரைத் தேடும் அவர்களில் பலருக்கு 1870-ஐத் தாண்டிப் பின்னால் போவது கடினம். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் உடைமையாளருடையது. அப்போது கைகொடுப்பவற்றில் ஒன்று, விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கிய சேமிப்பு வங்கியின் பேரேடு. வங்கி 1874-இல் மூழ்கிப் பலரின் சேமிப்பைக் கொண்டுபோனது, ஏடுகள் தப்பின. கணக்குத் தொடங்க வந்தவரிடம் தாய், தந்தை, உடன்பிறந்தார், பிறந்த ஊர், சில கிளைகளில் பழைய உடைமையாளர் என்று எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஸ்மித் என்ற பெயரில் அங்கே நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கும். தேடுகிறவர்கள் அந்தப் பெயரை நம்புவதில்லை. அதற்குக் கீழே எழுதியிருக்கும் தாயின் பெயரையும் எங்கோ விற்கப்பட்டுப் போன அண்ணனின் பெயரையும் வைத்தே தங்களுடைய ஸ்மித்தைக் கண்டெடுக்கிறார்கள்.